கடன் காப்பாற்றிய வீடு

வணக்கம் நேயர்களே. பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். பழைய கட்டடம் என்று யார் பேச்செடுத்தாலும் நான் ஒரே வீட்டில் போய் நிற்பேன் என்பது என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். கட்டடப் பொறியாளனாக இந்த நாட்டில் எனக்குச் சோறு போட்டது கான்கிரீட்டும் எஃகும்தான். ஆசை மட்டும் மரத்தின் மேல். அந்த ஆசைக்குக் காரணமான வீட்டின் பெயர் லிட்டில் மோர்ட்டன் ஹால்.

வடமேற்கு இங்கிலாந்தில், செஷையரில், காங்கிள்டன் என்ற சிறிய ஊருக்குத் தெற்கே ஏ34 சாலையை ஒட்டி இருக்கிறது. படம் காட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வீட்டை விவரிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும் ஓர் அகழி, பத்து மீட்டர் அகலம். அதன் மேல் ஒரு சிறிய கல்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக ஒரு மரவீடு. மேல்மாடி கீழ்மாடியைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேல்மாடி இன்னும் கொஞ்சம். உச்சியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாக ஜன்னல். அப்புறம், முக்கியமான விஷயம், அந்த வீட்டில் ஒரு கோடுகூட நேராக இருக்காது. ஜன்னல் வரிசை அலை அலையாகப் போகும், கூரை தொய்ந்திருக்கும், வாசல் நிலை சாய்ந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், 'இது எப்படி இன்னும் விழவில்லை?' என்று கேட்பார்கள்.

இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான். அந்த வீடு ஏன் விழவில்லை? விழாததுகூடப் பெரிதில்லை, யாரும் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டாமல் ஏன் விட்டார்கள்? சட்டம் காப்பாற்றியது என்று நினைப்பீர்கள். சட்டம் வந்தது ரொம்பப் பிற்பாடு. முதலில் காப்பாற்றியது கடன்.

அதற்கு முன்னால் கட்டியவர்களைப் பார்த்துவிடுவோம். மோர்ட்டன் குடும்பத்தார் அரச வம்சம் இல்லை, பிரபுக்களும் இல்லை. நிலம் வைத்திருந்த வசதியான குடும்பம், அவ்வளவுதான். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக ஆள் அழிந்தபோது நிலம் மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுக்கு 1,360 ஏக்கர் இருந்தது. 1504 முதல் 1508 வரையிலான காலத்தில் வில்லியம் மோர்ட்டன் என்பவர் முதல் பகுதியைக் கட்டினார். அது பெரிய கூடமும் அதைச் சேர்ந்த அறைகளும். அவர் மகனுக்கும் வில்லியம் என்றே பெயர். அவர் 1546இல் மேற்குப் பக்கம் நீட்டினார், 1559இல் முற்றத்துப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வைத்தார். 1560களின் தொடக்கத்தில் தெற்குப் பக்கம், வாசல் கட்டடம் எழும்பியது. 1610 வாக்கில் கடைசியாக ஒரு சின்னப் பகுதி. ஆக ஒரு நூறு வருடம், தலைமுறைக்குத் தலைமுறை, கையில் காசு சேரச் சேர ஒட்டிக்கொண்டே போன வீடு. முழு வரைபடம் போட்டுக் கட்டியது கிடையாது. அகழிகூடச் சண்டைக்காக வெட்டியதில்லை. அந்தக் காலத்தில் அகழி வைத்திருப்பது ஒரு கௌரவம். கழிப்பறைகள் நேராக அகழிக்கு மேலே இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், கௌரவம் எப்படி மணத்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நிலைய மேலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பரவாயில்லை.

அந்த 1559ஆம் வருட ஜன்னல்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், அடுத்தடுத்து இரண்டு பெரிய ஜன்னல் கூடுகள் சுவரிலிருந்து புடைத்து நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். ஒன்றின் கூரை விளிம்பு மற்றொன்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவு நெருக்கம். ஷேக்ஸ்பியர் பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ. கண்ணாடி என்றால் அப்போது பொன் மாதிரி விலை. சொத்துப் பிரிக்கும்போது ஜன்னல் கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகிற காலம் அது. அந்தக் காலத்தில் இந்தக் குடும்பம் ஜன்னலுக்கு மேல் ஜன்னலாக வைத்தது. இன்று அந்த வீட்டில் மொத்தம் 30,000 சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஈயப் பட்டையில் கோத்து நிற்கின்றன. சதுரம், சாய்சதுரம், வட்டம், முக்கோணம் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கோலம்.

சரி, ஜன்னல் வைத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மரத்திலேயே செதுக்க வைத்தார். எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பவர் கடவுள், இந்த ஜன்னல்களை 1559இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தார் என்று. இது வழக்கம்தான். பணம் போட்டவர் பெயர் கல்லிலும் மரத்திலும் ஏறாத ஊர் உலகத்தில் எது? ஆனால் அதோடு நிற்கவில்லை. இன்னொரு வரியும் இருக்கிறது. கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தச்சர். கூலிக்கு வேலை பார்த்தவர். வீட்டுக்கார ஐயா பெயர் இருக்கிற அதே இடத்தில், அதே உளியால் தன் பெயரையும் வெட்டியிருக்கிறார், ஐயாவும் அதை அனுமதித்திருக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் எத்தனையோ ஆயிரம் மரவீடுகள் எழும்பின. செய்த தச்சரின் பெயர் வீட்டின் மேலேயே நின்று நமக்குக் கிடைப்பது அபூர்வம். எழுத்துகூட ஒழுங்காகக் கூட்டி எழுதத் தெரியவில்லை அவருக்கு, தன் தொழிலின் பெயரையே தாறுமாறாகத்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் அவர் சேர்த்த மூட்டு 460 வருடமாக நிற்கிறது. எனக்கு அந்த எழுத்துப்பிழை மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. என் தொழிலில் பிழையில்லாமல் எழுதிய அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், கட்டடம்தான் ஒழுகும்.

அவர் எப்படி வேலை செய்திருப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓக் மரத்தைக் காய வைத்து அறுக்க மாட்டார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. ஆகவே பச்சையாகவே வெட்டிச் செதுக்குவார்கள். சட்டத்தைத் தரையில் படுக்கப்போட்டுத் துளையும் அதில் நுழையும் கழுந்தும் பார்த்துப் பார்த்துப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டுக்கும் உளியால் ஒரு அடையாளக் கீறல் போட்டு, பிரித்து, வீட்டு மனைக்குக் கொண்டுபோய், கீறலைப் பார்த்து மறுபடி கோத்து நிறுத்துவார்கள். மூட்டை இறுக்குவது மர ஆணி. பச்சை மரம் காயக் காயச் சுருங்கி மூட்டைக் கவ்விக்கொள்ளும். சட்டங்களுக்கு இடையில் உள்ள இடத்தைக் குச்சி பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பி மூடுவார்கள். அதன் மேல் சுண்ணாம்பு. அவ்வளவுதான். பாரம் முழுவதும் மரச் சட்டத்தில். சுவர் சும்மா காற்று மறைப்பு.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனில் ஹாரோவிலோ வெம்ப்ளியிலோ இருக்கும் நேயர்கள், உங்கள் தெருவில் 1930களில் கட்டிய செமி வீடுகளை, அதாவது நடுச்சுவர் ஒன்றாக ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகளை, பாருங்கள். முகப்பில், கூரைக்குக் கீழே முக்கோணமாக இருக்கிற இடத்தில், வெள்ளைச் சுவரில் கறுப்புப் பலகைகள் இருக்கும். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், வருடா வருடம் ஏணி போட்டு நீங்களே கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பலகை எதையும் தாங்கவில்லை. செங்கல் சுவரின் மேல் ஆணி வைத்து அடித்தது. கழற்றி எடுத்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. லிட்டில் மோர்ட்டன் ஹாலில் ஒரு சட்டத்தைக் கழற்றினால் வீடே இறங்கிவிடும். ஒன்று எலும்பு, மற்றது வேஷம். ஆனால் அந்த வேஷம் எங்கிருந்து வந்தது? இந்த மாதிரி வீடுகளைப் பார்த்துத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் வீடுகளே ஆதியில் இப்படிக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததில்லை. ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மரத்துக்குக் கறுப்பு அடித்துச் சுவருக்கு வெள்ளை அடித்து எடுப்பாகக் காட்டுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். ஆக, உங்கள் தெரு வீடு நானூறு வருடத்துக்கு முந்திய வீட்டைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பின்னால் பூசிய பூச்சைப் பார்த்துக் காப்பியடித்தது. இதைச் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை, வானொலியில் சொல்லிவிட்டேன், நிம்மதி.

இப்போது அந்த உச்சி மாடி. அங்கே இருப்பது ஒரே ஒரு நீளமான கூடம், 21 மீட்டர். மழைநாட்டில் பணக்கார வீட்டுக்காரர்கள் வெளியே போய் நடக்க முடியாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கவும் விளையாடவும் இப்படி ஒன்று வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் நாகரிகமாக இருந்தது. பலகைச் சுவருக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகூடக் கிடைத்திருக்கிறது. கூடத்தின் இரண்டு முனைகளிலும் சுண்ணாம்பில் புடைப்பாகச் செய்த இரண்டு பெண் உருவங்கள். ஒருத்தி அதிர்ஷ்ட தேவதை, சக்கரத்தோடு. அவள் ஆட்சி அறியாமையின் ஆட்சி என்று எழுதியிருக்கிறது. எதிர் முனையில் விதி. அவளை ஆள்வது அறிவு என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் 1556இல் வெளியிட்ட வானியல் புத்தகத்தின் முகப்புப் படத்தைப் பார்த்துச் செய்தார்கள். ரெக்கார்ட் யார் என்றால், நாம் கணக்கில் போடுகிறோமே சமக்குறி, இரண்டு சின்னக் கோடு, அதை 1557இல் முதலில் அச்சில் பயன்படுத்தியவர். மறு வருடமே கடனாளிகளை அடைக்கும் லண்டன் சிறையில் இறந்துபோனார். அறிவு விதியை ஆளும் என்று படம் போட்ட மனிதர்.

இந்தக் கூடம்தான் வீட்டின் கோணலுக்கெல்லாம் மூலம். கீழே இரண்டு மாடிக்குத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தார்கள், இது பிறகு தோன்றிய ஆசை என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. இருக்கட்டும். அந்த ஆசையின் தலையில் என்ன கூரை வைத்தார்கள் தெரியுமா? ஓலையா, ஓடா? இல்லை. மணற்கல் பாளங்கள். ஒவ்வொரு பாளமும் ஒரு ஆள் தூக்கத் திணறும் கனம். இரட்டை ஏணியை விரித்து நிறுத்தும்போது நடுவில் கயிறோ கொக்கியோ இல்லாவிட்டால் கால் இரண்டும் வழுக்கிக்கொண்டு விலகப் பார்க்கும் இல்லையா? சாய்வுக் கூரையின் கைமரங்களும் அப்படித்தான், பாரம் ஏற ஏறச் சுவரை வெளியே தள்ளும். தள்ளுகிறதைத் தாங்கிப் பிடிக்கச் சுவரில் குறுக்குச் சட்டமும் சாய்வுச் சட்டமும் நிறைய வேண்டும். ஆனால் இங்கே சுவர் எங்கே இருக்கிறது? சுற்றிலும் ஜன்னல். கூரையின் பாரம் கீழே இறங்கி, அடிமாடியின் உத்திரங்களை வளைத்து, சுவர்களைப் புடைக்க வைத்தது. பச்சை ஓக் வேறு, பாரத்தோடு காய்ந்தால் வளைந்தபடியே இறுகிவிடும். அதனால்தான் விழவில்லை. சிமெண்ட் கட்டடம் விரிசல் விட்டிருக்கும். இது மர ஆணி போட்ட மூட்டு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், வளையும், மறுபடி உட்காரும்.

விழாத கதை இது. இடிக்காத கதைக்கு வருகிறேன். நேரம் ஓடுகிறது.

1640களில் உள்நாட்டுப் போர். செஷையரில் அந்தப் பக்கத்து ஊர்கள் பாராளுமன்றத்தின் பக்கம். மோர்ட்டன் வீட்டார் அரசர் பக்கம். 1643இல் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள், வீட்டுக்காரரைச் சிறையில் போட்டார்கள், வீட்டில் படைவீரர்களைத் தங்க வைத்தார்கள். பிற்பாடு சொத்து திரும்பி வந்தது, செழிப்பு வரவில்லை. 1654இல் அவர் இறந்தபோது மூவாயிரம் நாலாயிரம் பவுண்டு கடன். அந்தக் காலத்துப் பவுண்டு. பிள்ளைகள் நிலத்தை விற்று விற்று அடைத்தார்கள். 1670களின் கடைசியில் குடும்பமே வீட்டை விட்டுப் போய், குத்தகை விவசாயிகளுக்கு விட்டுவிட்டது. அதற்கப்புறம் இருநூறு வருடத்துக்கு மேல் சொந்தக்காரர் யாரும் அதில் குடியிருக்கவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அதே இருநூறு வருடத்தில் இங்கிலாந்தில் பணம் இருந்த குடும்பங்கள் என்ன செய்தன? பாட்டன் கட்டிய மரவீட்டைக் கண்டு வெட்கப்பட்டு இடித்தார்கள். அல்லது முன்பக்கம் செங்கல்லால் மறைத்து, தூண் வைத்து, இத்தாலிய மாளிகை மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். மோர்ட்டன்களிடம் காசு இருந்திருந்தால் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. காசு இல்லை. குத்தகைக்காரருக்கு வீட்டின் அழகு முக்கியமில்லை, மாடும் வெண்ணெயும் முக்கியம். பல அறைகளைப் பூட்டிப் போட்டார்கள். வீட்டோடு இருந்த சிற்றாலயத்தில் நிலக்கரியைக் கொட்டி வைத்தார்கள். ஜன்னலில் பலகை அடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாதி பாழ். ஆனால் யாரும் எதையும் மாற்றவில்லை! மரபுக் கட்டடம் என்றால் அக்கறையோடு பேணிக் காத்தது என்று நாம் நினைக்கிறோம். இது அக்கறையே இல்லாமல் விட்டதால் தப்பித்த வீடு. கடன் காத்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால் அது அழகு வார்த்தைக்காக இல்லை, கணக்கு அப்படி.

ஆனால் கேட்பாரற்றுக் கிடப்பதும் ஓரளவுக்குத்தான் காக்கும். கூரை அழுகத் தொடங்கிவிட்டால் பத்து இருபது வருடத்தில் கதை முடிந்துவிடும். அந்த நேரத்தில் வந்தவர் ஒரு பெண்மணி. எலிசபெத் மோர்ட்டன், ஆங்கிலிகன் கன்னியாஸ்திரி. 1892இல் அக்கா இறந்தபின் வீடு அவர் கைக்கு வந்தது. நிலக்கரியை வெளியேற்றிச் சிற்றாலயத்தைச் சீர்செய்தார். மேல் கூடத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளைப் போட்டவரும் அவராகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்தக் கம்பிகள் மிக நாகரிகமான வேலை. வளைந்ததை நிமிர்த்தப் பார்க்கவில்லை. 'இதுவரை வளைந்தது போதும், இனி வளையாதே' என்று பிடித்து நிறுத்தின. நிமிர்த்தியிருந்தால் முந்நூறு வருடமாக வளைந்தபடியே இறுகிப்போன ஒவ்வொரு மூட்டும் பிளந்திருக்கும்.

1912இல் அவர் வீட்டைத் தன் உறவினர் சார்லஸ் ஏப்ரகாம் என்ற பாதிரியாருக்கு எழுதி வைத்தார். டார்பியில் பிஷப்பாக இருந்தவர். ஒரே நிபந்தனை: ஒருபோதும் விற்கக் கூடாது. பிஷப் ஆறு பென்ஸ் நுழைவுக் கட்டணத்துக்கு வீட்டைத் திறந்துவிட்டார். சுற்றிக் காட்டியது அங்கே குத்தகைக்கு இருந்த டேல் குடும்பம். ஆமாம், தச்சர் ரிச்சர்டின் அதே குடும்பப் பெயர், வெறும் பெயர் ஒற்றுமையாகவே இருக்கலாம், ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷம். 1938இல் வீடு, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. கிட்டத்தட்ட 450 வருடம் ஒரே குடும்ப வழியில் இருந்த வீடு.

டிரஸ்ட் வந்தபின் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1970களில் ஒரு அறையில் பிற்காலத்துப் பலகைச் சுவரைக் கழற்றியபோது பின்னால் ஓவியம் இருந்தது. சூசன்னா என்ற விவிலியக் கதை, அதற்குக் கீழே பலகை பதித்ததுபோலத் தோன்றும்படி வண்ணத்தில் தீட்டிய போலிப் பலகைச் சுவர். அசல் பலகைக்குப் பின்னால் போலிப் பலகை! பக்கத்தில் ஜான் மோர்ட்டனின் பெயர் எழுத்துகளும் குடும்பச் சின்னமான ஓநாய்த் தலையும். அவர் 1598இல் இறந்தவர், ஆகவே படம் அதற்கு முந்தியது. பழைய ஓவியத்தைப் பலகையால் மூடியவர் அதைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்.

மூன்று நிமிடம் இருக்கிறது என்கிறார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசப் பெரிய குறிப்பு வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். 1877இல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். புதுப்பிக்காதே, பழுது மட்டும் பார் என்பது அவர்கள் கொள்கை. 1882இல் முதல் தொல்சின்னச் சட்டம். அது கல்வட்டம், கல்லறை மேடு போன்றவற்றுக்குத்தான், ஆள் குடியிருக்கும் வீட்டை அது தொடவில்லை. நேஷனல் டிரஸ்ட் 1895. அவர்கள் முதலில் வாங்கிய கட்டடமும் ஒரு மரச்சட்ட வீடுதான், ஆல்ஃபிரிஸ்டனில், 1896இல், பத்துப் பவுண்டுக்கு. அதைப் பற்றி இன்னொரு நாள். போரில் குண்டு விழுந்து ஊர்கள் நொறுங்கியபின் 1947இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. கட்டடங்களை வரிசையாகப் பட்டியலிடும் இப்போதைய முறை அதிலிருந்து வளர்ந்தது. மூன்று தரம்: ஒன்று, இரண்டு நட்சத்திரம், இரண்டு. லிட்டில் மோர்ட்டன் ஹால் முதல் தரம். பட்டியலில் சுமார் நாலு லட்சம் பதிவுகள், அதில் முதல் தரம் நூற்றுக்கு இரண்டரைதான்.

உங்களுக்கு உதவும் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். பட்டியலில் உள்ளது அரண்மனை மட்டும் இல்லை, சாதாரண வரிசை வீடும் உண்டு. வீடு வாங்கும் முன், இந்தப் பட்டியலை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பின் இணையப் பட்டியலில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். பட்டியலில் இருந்தால் பழைய ஜன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜன்னல் போடுவதற்குக்கூட கவுன்சிலின் அனுமதி வேண்டும். கேட்காமல் போட்டால் அது குற்றம், வழக்கு வரும். உள்ளே உள்ள படிக்கட்டுக்கும் கணப்படுப்புக்கும் சேர்த்துத்தான் இந்த விதி, வெளி முகப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னும் ஒரு விஷயம்... இல்லை, சைகை காட்டிவிட்டார்கள். செஷையர் போகிறவர்கள் வீடு அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்.